வெட்டாத படம்

உக்காருங்க தம்பி. லென்ஸ் எங்கயும் ஓடிப் போயிராது. மூடி, பட்டை, பெட்டி எல்லாம் புதுசாட்டப் பத்திரமா வெச்சிருக்கேன். மொதல்ல காப்பியைக் குடிங்க. இந்த வெய்யில்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க, கை நடுங்கும். கை நடுங்கறப்ப இதைப் புடிச்சுப் பாத்தா ஒண்ணும் வெளங்காது. இது செல்போன் கேமரா இல்லீங்க. அதா, அந்தக் கடைசி வீட்டுக் கம்பத்துல மைனா உக்காந்திருக்குது பாருங்க, அதோட மூக்குல ஒட்டியிருக்கற மண்ணு வரைக்கும் இங்கிருந்தே தெரியும்.

கீழ சமையக்கட்டுல டம்ளரை வெச்ச சத்தம் கேட்டீங்களா? அது என்ற சம்சாரம், சாந்தாமணி. உங்க மேல கோவம்னு நெனச்சுக்காதீங்க. எல்லாம் என்ற மேலதான். பொங்கலுக்கு முந்தியிருந்து இந்த வீட்டுல பேச்சுன்னா டம்ளர் சத்தமும் கதவுச் சத்தமும்தான். தப்புப் பண்ணியிருந்தா நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருப்பேன். தப்புப் பண்ணாதவன் எதுக்குங்க பொத்தோணும்?

ஏன் விக்கறீங்கன்னு போன்ல கேட்டீங்கல்ல. நேர்ல வாங்க, சொல்றேன்னேன். அது என்ற பழக்கம். காலம் பூரா மில்லுல வீவிங் மாஸ்டரா இருந்தவன் நான். தறியில இருந்து எறங்கற துணியில ஒத்தை இழை அறுந்திருந்தாலும் அதை நல்ல துணின்னு அனுப்ப மாட்டேன். குறையைச் சொல்லித்தான் குடுப்பேன். மொதலாளிக்கே அது புடிக்காது. "மாஸ்டர், உங்க கண்ணை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வாங்க"ம்பாரு. அந்தக் கண்ணு ரிட்டயர்டு ஆனப்புறம் சும்மா இருக்க மாட்டேங்குது. என்ன பண்றது?

இந்த லே-அவுட்டுல ரிட்டயர்டு ஆனவங்க என்ன பண்றாங்கன்னு நெனைக்கறீங்க? காலையில நடக்கறேன்னு தெருவை அளக்கறது. வந்து உக்காந்து எல்லாருக்கும் குட்மார்னிங் பூ அனுப்பறது. அப்புறம் யாரு வீட்டுக்கு யாரு வந்தா, எந்த வீட்டுல என்ன சண்டை, அதுதான் நாள் பூரா சோலி. எனக்கு அது ஆகவே ஆகாது. அடுத்தவங்க வீட்டை எட்டிப் பாக்கற சோலி என்ற பரம்பரைக்கே கெடையாது. புனேல இருக்கற பையன், "அப்பா, உனக்குன்னு ஏதாவது ஒண்ணு வெச்சுக்கோ"ன்னு சொல்லி இந்தக் கேமராவையும் லென்ஸையும் வாங்கிக் குடுத்துட்டுப் போனான்.

அதா பாருங்க, இந்த மாடியிலயே துணி காயப்போடற கொடிக்குப் பின்னால பச்சை வலை கட்டியிருக்கறேன், நர்சரியில கட்டுவாங்களே, அது. உள்ள ஒரு முக்காலி. ஓட்டை வழியா லென்ஸோட மூக்கு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். ஆளு இருக்கறது பறவைக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா வராது. "மாஸ்டர் கூடாரத்துக்குள்ள உக்காந்து என்னத்தைப் பாக்கறாரோ"ன்னு தெருப் பொம்பளைங்க சாந்தாமணி காதுபடவே பேசினாங்க. பேசட்டும்னு உட்டுட்டேன். தவிட்டுக்குருவிக்கும் சிட்டுக்குருவிக்கும் வித்தியாசம் தெரியாதவங்க கிட்ட என்னத்தைச் சொல்றது?

இந்த லென்ஸோட அழகு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்றேன், எனக்குச் சொல்லப் புடிக்கும். எது மேல போகஸ் வெக்கறமோ அது மட்டும்தான் தெளிவு. அதுக்கு முன்னால இருக்கறதும் பின்னால இருக்கறதும் கலங்கிப் போயிரும். பூச்சுப் பூசாத செவுரு, தண்ணி டேங்கு, டிஷ் குடை, கொடியில தொங்கற லுங்கி, கண்ணை உறுத்தற அத்தனையும் வெறும் நெறமாக் கரைஞ்சு போயிரும். நடுவுல ஒரு உசுரு மட்டும் அப்பிடியே நிக்கும். அதைப் பாக்கறப்ப எனக்கு மனசெல்லாம் சுத்தமாயிட்டாப்ல இருக்குமுங்க.

எதுக்கால வேப்பமரம் இருக்குதுல்ல? அதுக்குப் பின்னால கறுப்பு டேங்கு வெச்ச மாடி தெரியுதா? அது குழந்தைவேலு வீடு. பெயிண்ட் கடை வெச்சிருக்காரு. அவருக்கு ஒரே பொண்ணு. இலக்கியான்னு பேரு. என்னைப் பெரியப்பான்னு கூப்புடும். சொந்தமெல்லாம் இல்லீங்க, பக்கத்து வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான். ஆனா வாய் நெறையக் கூப்புடும்.

காலேஜு விட்டு வந்ததும் பையைக்கூட வீட்டுல வெக்காம இங்க ஓடி வந்துரும். "பெரியப்பா, இன்னைக்கு என்ன வந்துச்சு?" கேமராவுல இருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏத்தறதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அந்தப் புள்ளதான். கம்ப்யூட்டர்ல இருந்து செல்போனுக்கு, செல்போன்ல இருந்து நம்ம நகர் குரூப்புக்கு, எல்லாம் அது போட்டுக் குடுத்த தடம். நான் பதிலுக்குப் படம் எடுக்கச் சொல்லிக் குடுத்தேன். "அம்மணி, எப்பவும் கண்ணு மேல போகஸ் வை. கண்ணு மட்டும் தெளிவா இருந்தா மிச்சத்தை மன்னிச்சுரலாம்"னு சொல்லுவேன். கப்புனு புடிச்சுக்கும். நான் எடுத்த படத்துலயே, "கண்ணை உட்டுட்டு ரெக்கை மேல வெச்சுட்டீங்க பெரியப்பா"ன்னு சொல்ற அளவுக்கு வந்துருச்சு. இந்த ஊர்லயே என்ற படத்தை ஒழுங்காப் பாத்த ஒரே ஆளு அந்தப் புள்ளதாங்க. எம்பையன்கூட பெருவிரலைக் காட்டற பொம்மையை அனுப்பிட்டு முடிச்சுக்குவான்.

நான் சொல்லித்தான் அது மாடியில மண்சட்டியில தண்ணி வெச்சுது. கொண்டைக்குருவி, தேன்சிட்டு, செம்போத்து, எல்லாம் அந்தத் தண்ணிக்கு வரும். அங்க குடிச்சுட்டு வேப்பமரத்துல வந்து உக்காந்து ரெக்கையைக் கோதும். எனக்கு நேர் எதுக்கால. அந்தப் புள்ள வெச்ச தண்ணிக்கு நான் படம் எடுத்தேன்னே வெச்சுக்கோங்க.

அப்புறம் குழந்தைவேலு வீட்டு மேல் போர்ஷனுக்கு ஒரு டீச்சரம்மா குடி வந்தாங்க. புருசன் இல்லாதவங்க. கூட ஒரு பையன். ஏதோ கவர்மெண்ட் பரீச்சைக்குப் படிக்கறானாமா. மேல குடியிருக்கறவனுக்கு மாடி பக்கம்தானே? புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு டேங்கு நெழலுக்கு வந்து உக்காந்துக்குவான். இந்தப் புள்ள சட்டிக்குத் தண்ணி ஊத்தப் போகும். ஒரு சட்டிக்குத் தண்ணி ஊத்த எவ்வளவு நேரமுங்க ஆகும்?

எனக்கென்னங்க, அவங்கவங்க வயசு. நான் பறவையைத்தான் பாப்பேன். ஆனா லென்ஸு காட்டுறதைக் கண்ணு வேண்டாம்னா சொல்லும்? அந்தப் பையன் கொய்யாக்காயை உப்புத் தொட்டுக் குடுப்பான். அது மொதல்ல வேண்டாம்னு தலையாட்டிட்டு, அப்புறம் அவன் கடிச்சதையே வாங்கித் திங்கும். சிரிக்கறப்ப வாயைப் பொத்திக்கும், பல்லுல கம்பி போட்டிருந்த காலத்துப் பழக்கம். ஊதாச் சுடிதார் போட்டுட்டு வந்தா ரொம்ப நேரம் உக்காந்திருக்கும். மஞ்சள்னா சீக்கிரம் எறங்கிரும், அன்னைக்கு டியூசன். இதெல்லாம் பாக்கோணும்னு பாத்ததில்லீங்க. பறவை வராத நேரத்துல கண்ணுல பட்டது.

இங்க வர்றது நின்னு போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். ஒருக்கா நான் வாசல்ல நின்னு, "அம்மணி, மரங்கொத்தி வந்துச்சு, அருமையான படம், வந்து பாரு"ன்னேன். "படிக்கோணும் பெரியப்பா, நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டு உள்ள போச்சு. அப்புறம் நான் மேல வந்து முக்காலியில உக்காந்தா, அந்தப் பக்கம் மாடியில உக்காந்திருக்குது. நாளைக்கும் வரல. அதுக்கு மறுநாளும் வரல. எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. நமக்குப் பொறந்ததா என்ன? ஆனா படிக்கோணும்னு பொய் சொல்ல வேண்டியதில்லீங்களே. வரப் புடிக்கலைன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

சாந்தாமணி கேட்டா, "ஏனுங்க, இலக்கியா வந்து ரொம்ப நாளாச்சே"ன்னு. "அதுக்கு வேற சோலி வந்துருச்சு"ன்னு சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. அப்பவே பாத்தா.

மார்கழியில மாங்குயில் வந்துச்சுங்க. நீங்க மாங்குயில் எடுத்திருக்கீங்களா? இந்தக் கட்டடக் காட்டுக்குள்ள அதெல்லாம் வராது. அந்த மஞ்சளைப் பாத்திருக்கீங்களா, மஞ்சளையே கரைச்சு ஊத்துனாப்ல இருக்கும். கண்ணுக்கு மை இழுத்து விட்டாப்ல ஒரு கறுப்புக் கோடு. எத்தனையோ வருசமா நான் காத்துக்கிட்டிருந்த பறவை. சத்தம் மட்டும் கேக்கும், எலைக்குள்ளயே ஒளிஞ்சுக்கும், நான் லென்ஸைத் திருப்பறதுக்குள்ள போயிரும். அன்னைக்குச் சாயங்காலம் சாய்வெய்யில் அடிக்குது. வாயில ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கிட்டு வேப்பமரத்துல வெளிக்கொம்புல வந்து உக்காந்துச்சு. மூச்சை அடக்கிக்கிட்டு அமுக்கினேன். பட பட படன்னு வுழுந்துச்சு. அதுல ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. என்ற ஆயுசுக்கும் அந்த ஒரு படம் போதும்னு தோணுச்சு.

கம்ப்யூட்டர்ல போட்டு சாந்தாமணியைக் கூப்புட்டேன். மாவுக் கையோட வந்து பாத்தா. பறவையைப் பாக்கவே இல்லீங்க அவ. "ஏனுங்க, பின்னால இலக்கியா தெரியுது"ன்னா.

"தெரிஞ்சா தெரியட்டும்."

"அந்தப் பையன் கையைப் புடிச்சிருக்கறான்."

"நான் எடுத்தது மாங்குயில்."

"செரி, மாங்குயிலே இருக்கட்டும். அந்த மூலையை மட்டும் வெட்டிட்டுப் போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தம்பி, நீங்களும் படம் எடுக்கறவரு, உங்களுக்குப் புரியும். நான் வெட்டமாட்டேன். இன்னைக்கு நேத்தில்ல, ஆரம்பத்துல இருந்து வெட்டறதில்ல. எடுக்கறப்ப என்ன இருந்துச்சோ அதுதான் படம். வேண்டாததை வெட்டி எறிஞ்சுட்டு, நான் எப்பிடி எடுத்தேன் பாருன்னு காட்டறது, துணியில குறையை மட்டும் கத்தரிச்சு எறிஞ்சுட்டு, நல்ல துணின்னு மீட்டருக்கு விக்கற வேலை. அந்தத் திருட்டு வேலையை மில்லுலயே நான் பண்ணினதில்ல. ஒரு பொண்ணுக்காக என்ற கொள்கையை விட முடியுமா? அவ மாவுக் கையைக்கூடக் கழுவாம நின்னுக்கிட்டே இருந்தா. நான் குரூப்புல போட்டேன்.

பறவைக்காரங்க படம் போட்டா என்ன பறவை, எந்த எடம், எந்த நேரம்னு எழுதோணும். அது வழக்கம், உங்களுக்கே தெரியும். எடம் எழுதாத படத்துக்கு மதிப்பில்ல. நானும் முறைப்படி எழுதினேன். மாங்குயில். குழந்தைவேலு வீட்டு மாடியை ஒட்டின வேப்பமரம். சாயங்கால நேரம். தேதி. இதுல என்னங்க தப்பு?

எப்பவும் நான் படம் போட்டா, ஒரு நிமிசத்துல கை கூப்பற பொம்மையும் பூவுமா வந்து வுழும். அன்னைக்கு ஒண்ணும் வரல. எல்லாரும் பாத்துட்டாங்கன்னு மட்டும் தெரியுது. நான் பாட்டுக்கு, எல்லாரும் அசந்து போயிட்டாங்க, வாயடைச்சுப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்புறம் எவனோ ஒருத்தன் அதே படத்தை மறுபடியும் போட்டான். வெட்டிப் போட்டான். மாங்குயிலை வெட்டி எறிஞ்சுட்டு, அந்த மூலையை மட்டும் பெருசு பண்ணி, கீழ ஒரு கேள்விக்குறி. நான் வெட்டாத படத்தை வெட்டுனது அவனுங்க. எங்கிட்ட வந்து கேக்கறாங்களே, அவனைக் கேட்டாங்களா?

அன்னைக்கு ராத்திரியே குழந்தைவேலு வீட்டுல சத்தம். அந்தப் புள்ள அழுவுது, அவங்கம்மா அழுவுது, குழந்தைவேலு கையில என்ன கெடைச்சுதோ. சாந்தாமணி ஓடிப் போயிக் கதவைத் தட்டினா. தொறக்கல. செவுத்தோரமா நின்னுக்கிட்டு, "தம்பி, அடிக்காதீங்க தம்பி, வயசுப் புள்ளைங்க"ன்னு கத்திக்கிட்டே நின்னா. நான் மேல இருந்தேன். நான் போயி என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லுங்க.

டீச்சரம்மாவை உடனே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பரீச்சை நேரம், பள்ளிக்கூடம் பக்கம்னு அந்தம்மா கெஞ்சினாங்களாமா. சாமான் ஏத்தறப்ப அந்தப் பையன் ஒருக்கா இந்தப் பச்சை வலையை நிமிந்து பாத்தான். முறைச்சான்னு சொல்ல முடியாது. பாத்தான். இலக்கியாவுக்குக் காலேஜு நின்னு போச்சு. கடைசி வருசமுங்க. பி.எஸ்சி. தாவரவியல். நல்லாப் படிக்கற புள்ள, மேல படிச்சுக் காட்டு இலாகாவுல வேலைக்குப் போகோணும்னு எங்கிட்டச் சொல்லியிருக்குது. பரீச்சை மட்டும் எழுதட்டும்னு அந்தக் காலேஜு மேடமே வந்து பேசிப் பாத்தாங்க. குழந்தைவேலு கேக்கல. சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறை வெச்சிருக்கற மாமன் மகன், அவனுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. தையில கல்யாணம்.

இதுல எனக்கு நடந்த அவமானத்தைக் கேளுங்க. குழந்தைவேலு ஆப்பிளும் வெத்தலை பாக்குமா இங்க வந்தாரு. என்னைத் திட்டத்தான் வர்றாருன்னு நெனச்சேன். கையைப் புடிச்சுக்கிட்டாரு. "அண்ணா, கூடப் பொறந்தவன்கூட இப்பிடிப் பண்ணமாட்டான். நேர்ல வந்து சொல்லியிருந்தா எம்பொண்ணான்னு சண்டைக்கு வந்திருப்பேன். படமாப் போட்டீங்க பாருங்க"ன்னாரு. நான் சொன்னேன், "குழந்தைவேலு, நான் போட்டது மாங்குயில். வேற எதையும் நெனச்சுப் போடல"ன்னேன். "தெரியுமுங்கண்ணா, தெரியும்"னு சொல்லிக் கண்ணடிச்சாருங்க! எங்கிட்ட! மாங்குயிலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவரு மரத்துல உக்காந்த பறவை, அதைக்கூடக் கேக்கல.

அந்த ஆப்பிளை சாந்தாமணி தொடல. அப்பிடியே பையோட கொண்டுபோயி ரோட்டுல போற மாட்டுக்குப் போட்டுட்டா.

அதோட நிக்கல. ரெண்டாவது தெருவுல ஒருத்தர், பேரு வேண்டாம், நடைப்பயிற்சியில என்னை நிறுத்தி, "மாஸ்டர், எங்க மாடிப் பக்கமும் சித்த ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, ரெண்டு பொண்ணு இருக்குது"ங்கறாரு. நான் என்ன வாட்ச்மேனுங்களா? இன்னொரு பக்கம் பொம்பளைங்க என்னைக் கண்டா மாடியை விட்டு எறங்கிப் போறாங்க. அந்த மாடியில இப்ப சட்டியும் இல்ல, தண்ணியும் இல்ல. ஒரு பறவை வர்றதில்ல. நஷ்டம் யாருக்கு? எனக்குத்தானுங்களே.

கல்யாணத்துக்கு சாந்தாமணி வரமாட்டேனுட்டா. நான் போனேன். போகலைன்னா, குத்தம் பண்ணினவன் ஒளிஞ்சுக்கிட்டான்னு பேசுவாங்க. வரிசையில நின்னு மேடைக்குப் போனேன். பொண்ணும் மாப்பிள்ளையும் கால்ல வுழுந்தாங்க. கையில அட்சதையோட நிக்கறேன். எந்திரிக்கறப்ப அந்தப் புள்ள என்ற மொகத்தைப் பாத்துச்சு. வீடியோக்காரன் லைட்டடிச்சுக்கிட்டு நிக்கறான், அவனுக்காக சிரிச்சுக்கிட்டேதான் இருக்குது. இந்தத் தடவை வாயைப் பொத்தல. சிரிச்சுக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்கறாப்ல கேட்டுச்சு. "பெரியப்பா, போகஸ் யார் மேல வெச்சீங்க?"

"நல்லா இரு அம்மணி"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். சாப்பிடாம வந்துட்டேன்.

வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்தப் படத்தைத் தெறந்து பெருசு பண்ணினேன். அன்னைக்குப் பண்ணலீங்களான்னு நீங்க கேக்கறது புரியுது. அன்னைக்கு இருந்த சந்தோசத்துல பெருசு பண்ணிப் பாக்கோணும்னு தோணல, அவ்வளவுதான். பெருசு பண்ணினா, மாங்குயில் கலங்கலா இருக்குதுங்க. மஞ்சளும் கறுப்புமா ஒரு உருவம், மாங்குயில்னு தெரியும், ஆனா ரெக்கையில இறகு பிரியல, கண்ணுல அந்தக் கோடு மை கலைஞ்சாப்ல வெறும் தீத்தலா இருக்குது. இன்னும் பின்னால போனா, டேங்குல எழுதியிருக்கற கம்பெனிப் பேரு படிக்க முடியுது. பையன் சட்டைப் பையில பேனா. அவன் விரலு. அதுக்குப் பக்கத்துல அந்தப் புள்ளயோட கண்ணு. ஒவ்வொரு எமைமயிரா எண்ணலாமுங்க. அவ்வளவு தெளிவான கண்ணு நான் எடுத்ததே இல்ல.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. லென்ஸ்ல கோளாறு. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க, சில லென்ஸ் நாம ஒண்ணு மேல வெச்சா, அது தானா பின்னால இருக்கறது மேல போயி உக்காந்துக்கும். நான் மாங்குயில் மேலதான் வெச்சேன். சத்தியமா மாங்குயில் மேலதான் வெச்சேன். அது போயி அங்க வுழுந்திருச்சு. மிஷின் பண்ணின தப்புக்கு மனுசன் என்னங்க பண்ணுவான்?

சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க ஒரு சின்னப் பையன், செவுத்துல கோடு போட்ட அட்டையை ஒட்டி எடுத்துப் பாத்துட்டு, "ஒண்ணுமில்ல சார், சூப்பரா இருக்குது"ன்னு திருப்பிக் குடுத்துட்டான். அவனுக்கு என்ன தெரியும், அட்டையும் பறவையும் ஒண்ணா? வீட்டுக்கு வந்து சாந்தாமணிகிட்டச் சொன்னேன், "லென்ஸ்லதான் கோளாறு, நான் பறவை மேலதான் வெச்சேன்"னு. எத்தனையோ நாளைக்கப்புறம் வாயைத் தொறந்து பேசினா. "அப்பிடின்னா வித்துருங்க. வாங்க வர்றவங்க பாத்துச் சொல்லட்டும்"னா.

அதான் தம்பி, உங்களைக் கூப்புட்டது. வாங்கறவருகிட்ட மறைக்கக் கூடாதுல்ல, குறையைச் சொல்லிட்டேன். இப்ப எடுத்து மாட்டிப் பாருங்க. மெதுவா, இந்தப் பக்கம் திருப்புங்க, ம், பூட்டிக்கிச்சு. அந்த வேப்பமரத்துல வெளிக்கொம்பு தெரியுதா, பழுத்த எலை ஒண்ணு தனியா நிக்குது, அது மேல வெய்யுங்க. பின்னால அந்த டேங்கு இருக்குது. எடுங்க. இன்னும் ஒண்ணு. செரி, பெருசு பண்ணுங்க.

எலையா தெளிவா இருக்குது?

கொடியில இருக்கற கிளிப்பை எடுங்க. அதுவுமா? சித்தே இருங்க, அந்த மைனா எறங்கியிருக்குது, அது அசையற சாமான், அதுல கட்டாயம் தெரியும். எடுங்க, எடுங்க. காட்டுங்க. எங்க வெச்சீங்க? கண்ணு மேலயா? கண்ணு மேலதான் வுழுந்திருக்குதுங்களா?

கத்தாதீங்க தம்பி. நல்ல லென்ஸுன்னு எதுக்கு இவ்வளவு சத்தமாச் சொல்றீங்க? கீழ சமையக்கட்டு சன்னல் தெறந்துதான் இருக்குது. ஒரு டம்ளர் சத்தம்கூட வரலை பாருங்க, கேட்டுக்கிட்டேதான் நிக்கறா. நல்லா இருந்தா சந்தோசம், நீங்க எடுத்துட்டுப் போங்க, வெலையை நீங்களே சொல்லுங்க, நான் மறுபேச்சுப் பேசல. எனக்கு ஒரே ஒரு உதவி. போறப்ப சமையக்கட்டுப் பக்கமா நின்னு, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. "அம்மா, ஐயா சொன்னது நெசந்தானுங்க, இதுல கோளாறு இருக்குது"ன்னு. பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும் தம்பி. சொல்லிட்டுப் போங்க.